மயங்கிய கம்ப்யூட்டரும் இரண்டு எடிட்டர்களும்

கம்ப்யூட்டர் மயங்கி விழுந்துவிட்டது. அதை எழுப்பிவிடும் தொடக்கக் கோப்பில் ஒரே ஒரு வரி தப்பு, திருத்தினால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் காப்பாற்றக் கிளம்பிய பென்டிரைவிடம், கோப்பைத் திருத்தும் மென்பொருளான எடிட்டர் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

பெரிய எடிட்டர் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போலப் பரிவாரத்தோடு வந்தார். "எழுபது எழுத்துரு, பத்து வண்ணம், பிழை பார்க்கத் தனி ஆள், எல்லாம் இருக்கு தம்பி! ஒரு மவுஸும் கொஞ்சம் இன்டர்நெட்டும் மட்டும் ஏற்பாடு பண்ணிடு."

"மயங்கிக் கிடக்கிறவன்கிட்ட இன்டர்நெட்டா? நல்லா இருக்குண்ணே!" என்றது பென்டிரைவ்.

பின்னால் நின்ற குட்டி எடிட்டர், "எந்த வரி?" என்று மட்டும் கேட்டது.

பென்டிரைவ் அதையே ஏற்றிக்கொண்டு ஓடியது. குட்டி எடிட்டர் அந்த வரியைத் திருத்தியது, சேமித்தது, வெளியே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கண் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்த பெரியவர், "பயந்தே போயிட்டேன் கண்ணு! கூடவே நின்னு பார்த்துக்கிட்டேன்ல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் உருகிப்போனது. "அண்ணனுக்கு முதல்ல உட்கார இடம் கொடுங்கப்பா!"