பிரஷ்ஷுக்கு வழுக்கை விழுந்த கதை

ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு சிவப்புக் கம்பளம் இருந்தது. அழகு எவ்வளவோ, வாயும் அவ்வளவு. வாராவாரம் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தது ஒரு மரக்கட்டை பிரஷ்.

"மெதுவாத் தேயேன்யா, முள்ளாக் குத்துது!" என்று கம்பளம் எரிந்து விழும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, இந்தக் காப்பிக் கறை மட்டும் போயிடட்டும்" என்று பிரஷ் கெஞ்சிக்கொண்டே தேய்க்கும்.

விருந்தாளிகள் யாராவது, "நேத்து வாங்கின மாதிரியே இருக்கே!" என்றால், கம்பளம் தன் சாயத்தின் உசத்தியைத்தான் பேசும்.

நாளாக நாளாக பிரஷ்ஷுக்கு வழுக்கை விழுந்தது. "முடியையெல்லாம் எங்கேய்யா கொட்டிட்டு வந்தே?" என்று கம்பளம் சிரிக்கும். பிரஷ் அடுத்த கறையைத் தேய்க்கப் போய்விடும்.

கடைசியில் அது வெறும் கட்டையானது. வீட்டுக்கார அம்மாள் அதைக் குப்பை வண்டியில் போட எடுத்துப் போனாள். "ஓரத்துல இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கு தாயி, பார்த்துக்கோ" என்றது பிரஷ்.

"சனியன் ஒழிஞ்சது" என்றது கம்பளம்.

மறுவாரம் தூசி உறிஞ்சும் மெஷின் வந்தது. பூப்போல வருடியது. கம்பளம் சொக்கிக் கிடந்தபோது மெஷின் சட்டென்று நின்றது.

"என்னக்கா இது? அடியில பூரா பிரஷ் முடியாச் சிக்கியிருக்கு. காப்பி கொட்டின இடத்துல கொத்துக் கொத்தா இருக்கு. குத்தலையா உனக்கு? ஒரே இழுப்புல எடுத்துடவா?"



"வேணாம்ப்பா" என்றது கம்பளம். "குத்தட்டும்."