லேபிள் கிழித்த டப்பா

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த டாக்டரேதான். தலை நரைத்திருந்தது. வேக நடை மட்டும் அப்படியே இருந்தது.

பையனின் அம்மா ஆராய்ச்சி செய்கிறவர் என்று மகள் சொல்லியிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. உலகத்தில் ஆயிரம் ஆராய்ச்சி இருக்கிறது, இதுவாகவா இருக்கப்போகிறது.

மகள் வயிற்றில் இருக்கும்போதுதான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் அவள் தவழ்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கர்ப்பத்திலேயே தாய்க்கு மாத்திரை கொடுத்தால் குழந்தைக்குப் போகாமல் தடுக்க முடியுமா என்று இந்த டாக்டர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விருப்பமா என்று மாமியாரை விட்டுவிட்டு என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். விருப்பம் என்றேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று கடைசிப் பரிசோதனை முடிவு வந்த அன்று, அவர்தான் அவளைத் தூக்கி என் மடியில் போட்டார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் கல்யாணமே வந்துவிட்டது. டாக்டர் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பந்தம் முறிவது கூட அப்புறம். என் பிள்ளை இதை அடுத்தவர் வாயால் கேட்க வேண்டிவருமே என்பதுதான் என் பயம்.

டாக்டர் முன்பின் பார்த்திராதவர்போல வணக்கம் சொன்னார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். வீடு நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்றார்.

அப்பாடா என்றிருந்தது. எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகளைப் பார்த்தவர், என் முகம் எங்கே நினைவிருக்கப்போகிறது. அடுத்த நிமிடமே, இப்படி அடியோடு மறந்துவிட்டாரே என்று கொஞ்சம் வருத்தமும் வந்தது. என் மனசை என்னவென்று சொல்ல.

அவர் அதிகம் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அண்ணன் பேசினார். மருந்துக்கடை வைத்திருக்கிறவர். தங்கைக்கு ஆராய்ச்சிதான் மூத்த பிள்ளை, இவன் இரண்டாவது என்று மருமகனைக் காட்டிச் சிரித்தார். எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் எல்லாம் இவள் எழுதியதைப் படிக்கிறார்களாம். கூடப்பிறந்தவனிடம் மட்டும் ஒரு நோயாளியைப் பற்றி மூச்சு விட்டதில்லையாம். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் சிரித்தால்தான் இவள் சிரிப்பாளாம், தலைக்கனம் பிடித்தவள் என்று ஊரே பேசுகிறதாம். டாக்டர் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்பதுவரை பேச்சு வந்தபோது என் போன் அலறியது. மாத்திரை நேரம்.

சமையலறைக்கு நழுவிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் என் அருமை மகள், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை என்று எல்லோருக்கும் சொல்லி, டப்பாவையும் தண்ணீரையும் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். நான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தது பிரஷர் என்றுதான்.

டப்பாவின் லேபிளை வாங்கிய அன்றே கிழித்துவிடுவது என் வழக்கம்.

அண்ணனின் கண் நேராக அதில்தான் விழுந்தது. தொழில் புத்தி எங்கே போகும். பேர் இல்லாத மருந்தை எந்தக் கடையில் கொடுத்தார்கள் என்று கேட்டார். கொடும்மா, மாத்திரையைப் பார்த்தே பேரைச் சொல்கிறேன் என்று கையை நீட்டினார்.

மகள் கொடுக்கப் போனாள்.

நடுவில் இன்னொரு கை நீண்டு டப்பாவை வாங்கிக்கொண்டது.

டாக்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். மூடியை இறுக்கித் திருகி டப்பாவை என் மடியில் வைத்தார்.

"நானும் இதேதான் போடறேன். நீங்க போட்டுக்குங்க, சம்பந்தி."

அண்ணனுக்கு மாத்திரையின் பேர் மறந்தே போயிற்று. குத்துக்கல்லாட்டம் சொந்தக் கடை இருக்க, தங்கை வேறு எங்கோ போய் மருந்து வாங்குவதா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் விழித்தான்.

"தலைவலிக்கே மாத்திரை போடமாட்டியேம்மா நீ. உனக்கு எப்போ பிரஷர் வந்துச்சு?"

"பெத்த பிள்ளைன்னா எல்லாத்தையும் உடனே சொல்லிடணுமா? சொல்றப்போ சொல்லிக்கலாம்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்தபடி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாத்திரை சுலபமாக இறங்கியது.