சிலுப்பாத கிடா

கிடா அசையவில்லை.

கழுத்தில் மாலை. நெற்றியில் குங்குமம். தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் தாடி வழியாகச் சொட்டுகிறது. கிடா சும்மா நிற்கிறது.

அவள் வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேனிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் குலதெய்வக் கோயிலில் வந்து இறங்கியதும்தான் தெரிந்தது. மாமியாரிடம் போய்ச் சொன்னாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தும் விட்டாள். வருஷக்கணக்காக, மாத்திரை விழுங்கினால் மட்டுமே எட்டிப்பார்த்த ஒன்று, ஆபரேஷனுக்குப் பிறகு மாதாமாதம் தானாக வருகிறது. சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கும் அளவுக்கு அவள் இன்னும் முட்டாளாக இருந்தாள்.

"இன்னைக்குப் பாத்துத்தான் வரோணுமா?" என்றாள் மாமியார்.

ஏதோ இவள்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்த மாதிரி.

வேண்டுதலே இதற்குத்தான்.

பேரன் வேண்டும். அதற்கு இவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வர வேண்டும். அதற்கு நீர்க்கட்டி போக வேண்டும். அதற்கு இவள் இளைக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இவள் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கினார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காமல் போனது. இவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு மாமியார் இங்கே வந்து முந்தானையை விரித்தாள். மாசாமாசம் ஒழுங்காக வந்தால் மருமகள் கையால் பொங்கல் வைத்து, ஒரு கிடா வெட்டுகிறேன் தாயே.

வந்தது. அதனால் கோயிலுக்குக் கூட்டிவந்தார்கள்.

அதுவும் கூடவே வந்ததால் வேனில் உட்காரவைத்தார்கள்.

புருஷன் தனபால் இன்ஜினியர். போன வாரமே தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிவந்து தலையணை மேல் வைத்தான். வரவைக்கவும் மாத்திரை. நிறுத்தவும் மாத்திரை. இவள் உடம்பை அவன் அம்மா வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துவிட்டான். அவள் அந்த மாத்திரையைக் குப்பையில் போட்டாள். இப்போது அவன் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனான். விரல் படாமல். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

நாத்தனார் சுகன்யா இவள் பேரைச் சொல்லிப் பொங்கல் வைத்தாள். அதுவும் பொங்கிவிட்டது.

பூசாரி கேட்டதற்கு, மருமகளுக்கு மயக்கம், வண்டியில் படுத்திருக்கிறாள் என்று மாமியார் சொன்னது வேன் வரைக்கும் கேட்டது.

எல்லாம் கச்சிதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கிடா மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை.

உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. திரும்பவும் ஊற்றினார்கள். காதுக்குள் ஊற்றினார்கள். முதுகில் ஊற்றினார்கள். அரைத்த மசாலா அண்டாவுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கிடா பி.ஈ. படிச்சிருக்குமாட்ட இருக்குது. ரொம்ப ரோசன பண்ணுது" என்றார் ஒரு பெரியப்பா. தனபாலும் சிரித்தான்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார்.

"வேண்டுதல் யாருக்கோ அவங்கள வந்து ஊத்தச் சொல்லுங்க. இல்லாட்டி கிடாய அவுத்துட்டுப் போங்க."

மாமியார் வந்து வேன் கதவைத் திறந்தாள். காலையில் அதை அறைந்து சாத்தியதும் அவள்தான்.

"வா அம்மிணி."

அம்மிணி.

"ஒரு சொம்பு ஊத்திப்போட்டு வந்துரு. ஆருகிட்டயும் மூச்சு உட்றாத."

அவ்வளவுதான் தீட்டு. கறிச்சோற்றுக்கு நேரமானால் தானாகக் கரைந்துவிடும்.

போய்ச் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டு வரலாம். நல்ல மருமகள் என்பார்கள். அடுத்த மாதமும் இது வரும். அதற்கடுத்த மாதமும் வரும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கதவு இருக்கும், சாத்தவும் திறக்கவும் இவர்கள் இருப்பார்கள். இவள் உள்ளே மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இறங்கினாள்.

தனபால் தரையைப் பார்த்தான். அவனுக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

பூசாரி சொம்பைக் கொடுத்தார். "வேண்டுதல வாய்விட்டுச் சொல்லி ஊத்து அம்மிணி. அம்மனுக்குக் கேக்கோணும்."

"அது பொம்பளைங்க சமாச்சாரமுங்க, மனசுக்குள்ளயே..." என்று மாமியார் குறுக்கே வந்தாள்.

அவள் கத்தவில்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பேர் சொல்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு மாசாமாசம் தூரம் வரோணும்னு எங்க அத்தை வேண்டிக்கிட்டாங்க. வந்துருச்சுங்க. இன்னைக்கும் வந்திருக்குது."

ஊற்றினாள்.

சுகன்யா கரண்டியோடு அப்படியே நின்றாள். பெரியப்பா வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதையே மறந்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார், இவளைப் பார்க்கவில்லை.

மாமியார் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

கிடா கொம்பு முதல் வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது.