ஆட்சேபணை இருக்கிறது

மலைச்சரிவு போலச் செய்யப்பட்ட பச்சை நிற கேக்கின் நடுவே தலைவர் கத்தியை இறக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். செடியம்மாவும் தட்டினாள். ஒரு கையில் செல்போன் இருந்ததால் சத்தம்தான் வரவில்லை.

பள்ளத்தாக்குப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அன்று காலை அரசாங்கக் கடிதம் வந்திருந்தது. தலைவர் அதை மூன்றாவது முறையாக உரக்க வாசித்தார். "தங்கள் ஆட்சேபணை ஏற்கப்பட்டு, மேற்படி மனு நிராகரிக்கப்படுகிறது."

"இது சாதாரண மீன் இல்ல, திமிங்கிலம்" என்றார் பல் டாக்டர். அவர்தான் செயலாளர். திட்ட அலுவலகப் பலகையில் வாராவாரம் ஒட்டும் புது மனுக்களின் பட்டியலைப் பார்த்து வருவது அவர் பொறுப்பு. "மத்தவனுக்கெல்லாம் சர்வே நம்பர் ஒண்ணோ ரெண்டோ இருக்கும். இவனுக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்துச்சு. மொத்தப் பள்ளத்தாக்கையும் கேட்டிருக்கான், படுபாவி."

"யாரு சார் அது?" என்றாள் செடியம்மா.

"எவனா இருந்தா என்னம்மா? பலகையில பேரெல்லாம் போட மாட்டாங்க."

"உள்ள போய்க் கேட்டா மனுவையே காட்டுவாங்களே."

"ஒவ்வொண்ணையும் படிச்சிட்டு உக்காந்தா முப்பது நாள் கெடு ஓடிப் போயிடும்" என்றார் தலைவர். முப்பத்தைந்து வருடம் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். ஓய்வுபெற்ற அன்றே படிப்பதையும் நிறுத்திவிட்டார்.

சங்கத்தின் வழிமுறை மிக எளிது. வருட ஆரம்பத்திலேயே எல்லா உறுப்பினர்களும் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பலகையில் புது மனு எண் தென்பட்டால், டாக்டர் அதைத் தாளில் நிரப்பி இருநூறு பேரின் கடும் எதிர்ப்பாக அன்றைக்கே சேர்த்துவிடுவார்.

இந்த வகையில் ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரையும், ஒரு பேருந்து நிழற்குடையும், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் கழிப்பறையும் தடுத்து நிறுத்தப்பட்டுப் பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்டிருந்தது. தலைவரின் மூன்று மாடிக் கண்ணாடி வீடு மட்டும் முகட்டில் நின்றது. அது கட்டி முடிந்த மறுமாதம்தான் சங்கமே பிறந்தது.

செடியம்மாவுக்குக் கண்ணாடி வீடெல்லாம் கிடையாது. கீழே ஓடைக்கரையில், குத்தகை நிலத்தில் செடிப் பண்ணை வைத்திருந்தாள். சங்கத்துக்கு உள்ளூர் முகம் ஒன்று தேவைப்பட்டது. பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் எங்கும் இனி வீட்டுமனையே போடக் கூடாது என்று அரசாங்கத்திடம் கேட்க அவளுக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. அந்த மனுவை அவளே கைப்பட எழுதினாள். சங்கத்தின் முத்திரையோடு அது போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று காலை வீட்டுமனைக் கம்பெனி ஆட்கள் அவள் கிணற்றைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். நானூறு வீடு வரப்போகிறது. பெரிய கம்பெனி என்பதால் தலைநகரத்திலேயே அனுமதி வாங்கிவிட்டது. உள்ளூர்ப் பலகைப் பக்கம் அது தலைவைத்தும் படுக்கவில்லை. "அரசாங்கத் தடை இருந்தா காட்டும்மா, திரும்பிப் போறோம். இல்லேன்னா திங்கக்கிழமை மிஷின் வரும்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"சார், கிணத்தைச் சுத்திக் கொடி நட்டுட்டாங்கன்னு சொன்னேனே. நம்ம மனு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. காலையிலேருந்து எனக்கு லைனே கிடைக்கல."

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா மூக்கைச் சிந்தற?" தலைவர் கேக்கை விழுங்கினார். "திமிங்கிலத்தையே சாய்ச்சாச்சு. உன் கிணத்துக்கிட்ட வந்த நெத்திலி எந்த மூலைக்கு?"

டாக்டரின் மனைவி சிரித்தாள். "செடியம்மாவுக்கு எப்பவும் அவங்க தொட்டி, அவங்க தண்ணிதான். நாம ஊருக்காகப் பார்க்கிறோம்."

செடியம்மா மறுபடியும் எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை மணி அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் தலைவர். "சங்கம் பேரைச் சொன்னா எப்படி நடுங்கறாங்கன்னு எல்லாரும் கேக்கட்டும்."

திட்ட அலுவலக எழுத்தர் நடுங்கியதாகத் தெரியவில்லை. விவரத்தைக் கேட்டுவிட்டுக் காகிதங்களைப் புரட்டினார்.

"வீட்டுமனைக்குத் தடை கேட்ட மனுதானேம்மா? ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. மேலதிகாரியே பரிந்துரை பண்ணிட்டார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? இப்ப இல்லையா?"

"போன வாரம் தள்ளுபடி ஆயிடுச்சும்மா. உள்ளூர்க்காரங்களே கூட்டமா எதிர்த்து எழுதிக் குடுத்தா, நாங்க என்ன பண்ண முடியும்?"

செடியம்மா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேக் தட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின.

தலைவர் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"எந்த அயோக்கியன்யா எதிர்த்தது? பேரைச் சொல்லு. அவனைச் சும்மா விடறதா இல்ல."

எழுத்தர் நிதானமாகச் சொன்னார்.

"உங்க சங்கந்தான் சார்."