பக்கத்து சீட்டுக்காரி

“பொய்” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. வேன் இன்னும் வயதோலித் ஊரைக்கூடத் தாண்டவில்லை.

முன்னால் மைக்கைப் பிடித்து நின்ற வழிகாட்டி வில்பெர்த், தன் தாத்தா வெறுங்கையால் சிறுத்தையைப் பிடித்த கதையை அளந்துகொண்டிருந்தார். வேனே வாயைப் பிளந்து கேட்டது.

“இவன் தாத்தா மெரிதாவுல செருப்பு தச்சுக்கிட்டிருந்தார். பூனையைக் கண்டாலே நாற்காலி மேல ஏறிக்குவாராம்” என்றாள் அவள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் அராசெலி.

“இவனைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா?”

அராசெலிக்கு எரிச்சலாக வந்தது. புவெப்லா நகரத்துப் பீங்கான் கடையில் வருஷம் முழுக்கத் தட்டுகளைப் பொட்டலம் கட்டுகிறவள் அவள். தனியாக ஊர் சுற்றக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. இருப்பதிலேயே மலிவான டூர்தான். அதற்காக இப்படி ஒரு வேப்பங்காயைப் பக்கத்தில் கட்டிவிட வேண்டுமா?

பேரைக் கேட்டதற்கு “லிஹியா” என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டாள். வில்பெர்த்துக்கும் அவளைப் பிடிக்கவில்லை போலிருந்தது. ஏறும்போது ஒவ்வொருவரிடமும் பேரும் ஊரும் கேட்டு, ஒரு கிண்டல் அடித்துத்தான் உள்ளே விட்டார். இவள் ஏறியபோது மட்டும் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தாள் அராசெலி.

சிச்சேன் இட்சா இடிபாடுகளில் பிரமிடுக்கு எதிரே எல்லோரையும் நிறுத்தி வில்பெர்த் ஓங்கிக் கை தட்டினார். கற்படிகளிலிருந்து ஏதோ பறவை கூவியது போலப் பதில் வந்தது. “எங்க முன்னோருங்க உங்களுக்கு வணக்கம் சொல்றாங்க!” என்று அவர் தொப்பியைக் கழற்றி வீச, கூட்டம் ஆரவாரம் செய்தது.

“தட்டினா எதிரொலி வராதா? இவன் வீட்டுக் குளியலறையிலகூடத்தான் வரும்” என்றாள் லிஹியா. “அங்க எந்த முன்னோர் உட்கார்ந்திருக்காராம்?”

“கொஞ்சம் சும்மா இருங்கம்மா.”

“நீங்க ஏன் கோவப்படறீங்க? தொப்பியைப் பாருங்க. சினிமாக் கதாநாயகன்னு நினைப்பு. தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கறான்.”

அராசெலி பார்த்தாள். உண்மையிலேயே இழுத்துக்கொண்டுதான் நின்றார். அதற்குப் பிறகு அவளால் தொப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அதுவும் அந்தப் பொம்பளையின் குற்றம்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் வாழையிலையில் சுட்ட பன்றிக்கறி மணத்தது. வில்பெர்த் தலையில் பீர் பாட்டிலை நிறுத்தி, பாடிக்கொண்டே மேஜை மேஜையாக ஆடி வந்தார். ஒரு மேஜையில் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார். இன்னொன்றில், மனைவியோடு முறைத்துக்கொண்டிருந்த ஒரு ஆளைக் கெஞ்ச வைத்து இருவரையும் சேர்த்து வைத்தார். கூடமே கண்ணில் நீர் வரச் சிரித்தது.

இவர்கள் மேஜையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

‘இவளால எனக்கும் இல்லாமப் போச்சு’ என்று அராசெலி பொருமினாள். லிஹியாவின் தட்டு அப்படியே இருந்தது. அவள் கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு பாட்டு இவனுக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

கடைசியாக நீச்சல் குளம். பூமிக்குள் படிகளில் இறங்கினால் பெரிய குகை. மேலே ஒரு ஓட்டை. அதன் வழியாக மரவேர்கள் கயிறு கயிறாகத் தொங்க, கீழே நீலத் தண்ணீர். வில்பெர்த் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, கன்னத்தில் தட்டித் தண்ணீரில் இறக்கினார். லிஹியாவுக்கான மிதவைச் சட்டையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“இந்தத் தண்ணியில குளிச்சா பத்து வயசு குறையும்!” என்று அவர் குரல் குகை முழுக்க முழங்கியது.

“தினமும் குளிக்கறான். இந்நேரம் தொட்டில்ல இல்ல கிடக்கணும்” என்றாள் லிஹியா, படிக்கட்டில் உட்கார்ந்தபடி.

ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்த அராசெலி திரும்பி ஏறி வந்தாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“உங்களுக்கு வெட்கமா இல்லை? அந்த மனுஷன் காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கார். ஒரு தடவை சிரிச்சீங்களா? அவர் செய்யறது எல்லாமே மட்டம், பேசறது எல்லாமே பொய். என் நாளையும் சேர்த்துப் பாழாக்கிட்டீங்க!”

லிஹியா அவளைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

“யார் அனுப்பினாங்க உங்களை? போட்டிக் கம்பெனியா? அவர் பொழப்பைக் கெடுக்கத்தானே வந்திருக்கீங்க?”

கீழே வில்பெர்த் புதுக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தார். மல்லாந்து மிதந்த கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டது. லிஹியா கழுத்தை எட்டி நீட்டி, காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள்.

“கத்தாதீங்க அக்கா, கேட்க விடுங்க” என்றாள். “வீட்ல அவர் வாயே திறக்கறதில்லை.”