போட்டோவுக்கு முன்னால் வந்த வாஷர்

செல்வின் தன் ஜீப்பின் ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டார். உள்ளே ஏழு வாஷர்கள் இருந்தன. பெரியதில் தொடங்கிப் பொடியது வரை, இருந்த வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினார். “மறந்துடும், ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாம்” என்று போனை எடுக்க உள்ளே போனார்.

“போட்டோவா?” என்று துள்ளியது கடைசியில் கிடந்த பொடி வாஷர். “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. நான் முன்னால வர்றேன்.”

“வரிசை மாறினா வண்டி குதிக்கும்டா” என்றது பெரிய வாஷர்.

“பத்து வருஷமா உங்க பின்னாலயே கிடக்கேன். போட்டோவுலயாவது என் மூஞ்சி தெரியட்டுமே!”

உருண்டு வந்து முதலில் படுத்துக்கொண்டது. செல்வின் வந்து போட்டோ எடுத்தார். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து, அதே வரிசையில் மாட்டினார்.

மறுநாள் மலைப்பாதையின் முதல் பள்ளத்திலேயே ஜீப் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. அவர் தலை கூரையில் இடித்தது. “போட்டோல இருக்கிற மாதிரிதானே மாட்டினேன்!” என்று வண்டியை நிறுத்திப் போனை எடுத்தார்.

உள்ளே ஆறு அண்ணன்மாரின் அழுத்தத்தில் நசுங்கி வளைந்து கிடந்த பொடி வாஷர், மூச்சுத் திணறக் கேட்டது:

“பாக்குறாரா? நான் நல்லா வந்திருக்கேனாண்ணே?”