இரண்டாவது கோதோ

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

ஜப்பானில் ஒரு பள்ளி மேடையில் கோதோ வாசித்துக்கொண்டிருந்த மாணவி, பாட்டின் நடுவில் நிறுத்தினாள்.

எட்டு வரை எண்ண வேண்டும். உதடு அசையாமல் எண்ணினாள்.

மேடையில் அவள் பக்கத்தில் இன்னொரு கோதோ. ஆள் நீளத்துக்கு மரம், அதன்மேல் பதின்மூன்று நரம்பு. காலையிலேயே சுருதி சேர்த்து வைத்திருந்தாள்.

அதன் முன்னால் யாரும் இல்லை.

இருவர் வாசிக்கிற பாட்டு அது. கூட வாசித்தவள் மார்ச் மாதம் படிப்பு முடிந்து போய்விட்டாள். ஒருத்திக்கு ஏற்றபடி மாற்றி எழுத இவளுக்குக் கை வரவில்லை. அவள் வாசிக்க வேண்டிய இடங்களில் எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

ஏழு. எட்டு.

மறுபடி வாசித்தாள். மறுபடி நின்றாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். அரங்கம் சிரித்தது. ஏப்ரலில் பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைகள். எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று பார்க்க வந்தவர்கள்.

அடுத்து கிதார் சங்கம். தோளில் கிதாரோடு மேடையேற நின்ற மிவாகோ இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"நின்னு நின்னு போச்சே, உன் பலகைக்கு சார்ஜ் இல்லையா? பேசாம எங்ககூட வந்துடுடி. உன் விரலுக்கு ஒரே வாரத்துல கிதார் வந்துடும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது.

துணைத் தலைமையாசிரியர் நிஷிவாக்கி போன வாரமே சொல்லியிருந்தார். "ஒரே ஆள் இருந்தா அது சங்கம் இல்லைம்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு பேர் கொண்டா. இல்லன்னா அறையை விட்டுடு."

கோதோ அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். முதல் வரியில் தன் பெயர். கீழே கோடுகள்.

செவ்வாய். புதன்.

வியாழன் மாலையும் கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

இரண்டு கோதோவையும் உறை போட்டுக் கட்டிவிடலாம் என்று துணிகளோடு உள்ளே போனாள்.

இரண்டாவது கோதோவில் ஒரு நரம்பு தொய்ந்து கிடந்தது. அதைத் தாங்கும் குதிரை ஒருக்களித்து விழுந்திருந்தது.

குதிரை என்பது நரம்புக்கு அடியில் நிற்கிற சிறு கட்டை. ஆணி இல்லை, பசை இல்லை. நரம்பின் அழுத்தத்திலேயே நிற்கும். காற்றுக்கு அசையாது. பழகிய கைக்கும் விழாது.

ஒன்றும் தெரியாத கை ஆசையாக ஓங்கி மீட்டினால்தான் விழும்.

போய்த் தாளைப் பார்த்தாள். பெயர் இல்லை.

திரும்பி வந்து நின்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இவளும் ஒரு குதிரையைத் தள்ளிவிட்டாள். உடைத்துவிட்டோம் என்று பயந்து ஓடினாள். நாலு நாள் இந்த நடைப்பக்கமே வரவில்லை.

நாலு நாள்.

நாளைக்கு வெள்ளி.

உறைத் துணிகளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

விழுந்ததை நிமிர்த்தினாள். நரம்பைத் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்தாள். நரம்பை மீட்ட விரலில் மாட்டிக்கொள்ளும் நகங்கள், கூட வாசித்தவள் விட்டுச் சென்றவை, மூன்றையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

கதவை முழுக்கத் திறந்தாள்.

கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அந்தப் பாட்டையே எடுத்தாள்.

நிறுத்தம் வந்தது.

இந்த முறை அவள் எண்ணவில்லை.

நடையில் ரப்பர் காலணிச் சத்தம் வந்தது. வாசலில் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கை தவறித் தட்டிவிட்டவர்கள் யாரும் பயந்து ஓடாதிருக்கட்டும். ஓடினாலும், அவர்கள் திரும்பி வருகிறபோது கதவு திறந்தே இருக்கட்டும்.